பிரேக்குக்குக் காலணி

நூற்றுக்கு முப்பத்தொன்று.

ஜெஸ்னா தேவிகுளத்தில் பரீட்சை எழுதிவிட்டு ஊர் வந்து இறங்குவதற்குள் இந்த எண் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. யார் சொன்னது என்று கேட்டால், யாரும் சொல்லவில்லை. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயங்களில் செய்தி அப்படித்தான் பயணம் செய்யும். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அவளைக் கண்டதும் அவசர அவசரமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பிப்ரவரி மாதத்தில் என்ன மழை? கருணை காட்டுவதாக நினைத்துக்கொண்டு மனிதர்கள் செய்கிற கொடுமைக்கு அளவே கிடையாது.

தோற்றதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். முப்பத்தொன்றைத்தான் தாங்க முடியவில்லை. அந்த எஸ்டேட்டின் ஆறு ஜீப், மூன்று டிராக்டர், கொளுந்து ஏற்றும் இரண்டு லாரி எல்லாம் ஒன்பது வருடமாக அவள் கைபட்டுத்தான் ஓடுகின்றன. அவளுக்கு வண்டி வேலையில் முப்பத்தொன்று மார்க் என்பது, பாதிரியாருக்கு ஜெபத்தில் முப்பத்தொன்று போட்டதுபோல.

அவள் ஒர்க்ஷாப்புக்கு வந்ததே ஒரு விபத்தால். கொளுந்து பறிக்கையில் சரிவில் சறுக்கிக் கணுக்கால் உடைந்தது. டாக்டர் 'லைட் ஒர்க்' என்று எழுதிக் கொடுத்தார். ஒர்க்ஷாப்பைக் கூட்டிப் பெருக்கட்டும் என்று ஆபீஸ் அனுப்பியது. ஆறு மாதத்தில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள். அங்கிருந்த மெக்கானிக் தடுக்கவில்லை. தடுப்பதென்றால் அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டும். அவர்தான் அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அந்த மனிதர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. அவளாகப் பிரித்தாள், அவளாக மாட்டினாள், மாட்டி முடித்தபின் கையில் மிஞ்சுகிற போல்ட்டைப் பார்த்து அழுதாள், மறுபடி பிரித்தாள். அப்படி வந்த வித்தை அது.

ஆனால் ஆபீஸ் மஸ்டரில், அந்த ஆஜர்ப் பதிவேட்டில் மட்டும், அவள் பெயர் இன்னும் கொளுந்துப் பெண்களின் வரிசையிலேயே கிடந்தது. தினமும் காலையில் ஃபீல்டு மஸ்டரில் பெயர் கொடுத்துவிட்டுத்தான் ஒர்க்ஷாப்புக்கு வருவாள். இப்போது அந்த மெக்கானிக் மார்ச் முப்பத்தொன்றில் ஓய்வு பெறுகிறார். ஆபீஸ் கிளார்க் செபாஸ்டின் பரீட்சைக்கு முன்பே அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"சர்டிபிகேட் இல்லாம மெக்கானிக் போஸ்ட் கொடுக்க ரூல் இல்ல, ஜெஸ்னா. ஆட்டோ டெக்னீஷியன் பரீட்ச பாஸாகி மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள பேப்பரைக் கொண்டுவந்து வச்சா, நீ மெக்கானிக். இல்லைன்னா எறணாகுளத்துலருந்து ஆள் வருது. அவரு ஹெல்பரையும் கூட்டிட்டு வாராரு. நீ கூடையை எடுத்துட்டு ஃபீல்டுக்குப் போயிரு."

செபாஸ்டின் கெட்டவர் இல்லை. பேப்பரில் இல்லாதது பூமியிலேயே இல்லை என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அந்த வகை மனிதர்கள் கெட்டவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தொந்தரவு கொடுப்பார்கள்.

தோற்று வந்த அன்று சாயங்காலம் கணவன் சகாயம் கொழுக்குமலைக்கு டூரிஸ்டுகளை ஏற்றிப்போன ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, ஜெஸ்னா அடுப்படியில் அரிசி களைந்த பாத்திரத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"விடுட்டி. இன்னொரு தடவை எழுதுனாப் போச்சு. மார்ச்சு இருபதுல அடுத்த பரீட்ச இருக்குல்லா?"

"எழுதி என்னங்க செய்ய? எனக்கு வண்டி தெரியலங்கறது கூட இல்ல. எனக்குத் தமிழே தெரியல."

சகாயத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கினாள். பரீட்சை கம்ப்யூட்டரில். இங்கிலீஷ், மலையாளம், இந்தி, தமிழ் என்று நாலு மொழி காட்டியது. மலையாளம் அவளுக்குப் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஏழாம் வகுப்புவரை தமிழில் படித்தவள், துணிந்து தமிழை அமுக்கினாள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அவள் கண்ணால் காணாத பாகங்கள். அரசன் ஊசி என்றது. கிரீடச் சக்கரம் என்றது. முன் சக்கரத்தின் கால்விரல் உள்ளே இருந்தால் டயருக்கு என்ன ஆகும் என்று கேட்டது. மின்கலம் இறந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டது. பாதிரியாரிடம் பூசைக்குச் சொல்ல வேண்டும் என்று மனதில் வந்தது, ஆனால் விடைகளில் அது இல்லை.

"புது வண்டியில எல்லாம் என்னென்னவோ வந்திருக்கும் போல. நான் இந்த ஓட்டை ஜீப்புகளையே கட்டிக்கிட்டு அழுதுட்டேன்."

இங்கேதான் நம்முடைய ஆட்களின் கோளாறு இருக்கிறது. அச்சில் வந்த தமிழ் புரியவில்லை என்றால், குற்றம் தன்னுடையது என்றே எடுத்துக்கொள்வார்கள். அது பெரிய தமிழ், படித்தவர்கள் தமிழ், நமக்கு எட்டாதது என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். அச்சடித்தவனுக்குப் புத்தி பிசகியிருக்கலாம் என்று ஒரு நாளும் ஒருவருக்கும் தோன்றாது. ஜெஸ்னாவுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், இரண்டாம் தடவைக்கு விண்ணப்பம் போட அக்ஷயா சென்டருக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவள் ரிஞ்சு. இருபத்தாறு வயது, பி.ஏ. இங்கிலீஷ். ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட்வரை அந்த மலையில் யாருக்கு எந்த விண்ணப்பம் போட வேண்டும் என்றாலும் அவள் விரல்தான் தட்ட வேண்டும். கூட்டம் நிற்கிறது. ரிஞ்சு தட்டிக்கொண்டே இருக்கிறாள். ஜெஸ்னா கேட்டாள்:

"ஏ பிள்ள, காலணின்னா வண்டியில எது?"

ரிஞ்சு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "காலணின்னா செருப்புக்கா" என்றாள்.

"அது தெரியும்ட்டி. வண்டியில எதுன்னு கேக்கேன்."

"வண்டிக்கு எதுக்குக்கா செருப்பு?"

"பிரேக்குக்குக் காலணி இருக்காம்ல. அது தேஞ்சுபோனா என்னென்ன சத்தம் வரும்னு கேட்டிருந்தான். நம்ம ஜீப்புல அப்படி ஒண்ணும் கிடையாது."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. ரிஞ்சு நாற்காலியைத் திருப்பினாள்.

"காலணி... செருப்பு... ஷூ. அக்கா, பிரேக்குல ஷூன்னு ஏதாச்சும் இருக்கா?"

ஜெஸ்னா வாய் திறந்தபடியே நின்றாள். பிரேக் ஷூ! ஒன்பது வருடத்தில் நானூறு ஜோடி மாற்றியிருப்பாள். அதன் தேய்மானத்தை நகத்தால் தடவிப் பார்த்தே இன்னும் எத்தனை நாள் வரும் என்று சொல்லிவிடுவாள். அந்த பிரேக் ஷூவைத்தான், யாரோ ஒரு புண்ணியவான், காலணி ஆக்கிப் பரீட்சையில் வைத்திருந்தான்.

"அரசன் ஊசி?" என்றாள் ஜெஸ்னா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"அரசன்னா கிங். ஊசின்னா... நீடில்? இல்ல, பின். கிங் பின்."

"கிங் பின்னு! அட கர்த்தரே! தாழ்ப்பாள்?"

"போல்ட்."

"கொட்டை?"

"நட்டுக்கா."

"'முறுக்கு அதிகமானால் கொட்டைக்கு என்ன ஆகும்'னு ஒரு கேள்வி."

ரிஞ்சு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஜெஸ்னாவும் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் ரேஷன் கார்டுகளைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த ஜெஸ்னாவுக்குத் திடீரென்று கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்ததில்லை.

"எனக்குத் தெரியாமப் போகலட்டி. அவனுக்குத்தான் தெரியல. நான் ராத்திரி முழுக்க என்னையவே ஏசிக்கிட்டுக் கிடந்தேன்."

மொழிபெயர்த்தது மனிதன் இல்லை, மெஷின் என்று ரிஞ்சு சொன்னாள். இங்கிலீஷில் இருந்த கேள்விகளை மொத்தமாகக் கொட்டி, தமிழாக அள்ளியிருக்கிறார்கள். எந்தத் தமிழனும் எடுத்துப் படித்துப் பார்க்கவில்லை. தமிழில் எழுதப்போவது யார்? தோட்டத்து ஆட்கள்தானே. அவர்களுக்கு என்னத்தைத் தெரியப்போகிறது என்ற அலட்சியம் அந்த நூறு கேள்வியிலும் வழிந்துகொண்டிருந்தது.

அங்கிருந்தே பரீட்சைக்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்கள். ஒரு குரல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புகார் பதிவாகிவிட்டது, தொண்ணூறு வேலை நாளில் பதில் வரும் என்றது. பரீட்சைக்கு இருந்தது இருபத்துநாலு நாள்.

"சரி, அப்ப அவன் பாஷையவே நாம படிச்சிருவோம்" என்றாள் ஜெஸ்னா.

இப்படி ஒரு படிப்பை உலகத்தில் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். ரிஞ்சு இங்கிலீஷ் கேள்விகளை எங்கெங்கிருந்தோ தேடி எடுத்தாள். அவற்றைத் தன் போனில் இருக்கும் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தாள். அதிலும் பிரேக்குக்குக் காலணிதான் வந்தது. போனும் பரீட்சையும் ஒரே ரத்தம் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன? மத்தியானச் சாப்பாட்டு நேரம் அரைமணி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று மணி நேரம். ரிஞ்சு கேள்வியை அந்தக் கோணல் தமிழில் வாசிப்பாள். ஜெஸ்னா அதை ஒர்க்ஷாப் தமிழுக்குத் திருப்பிப் பதில் சொல்வாள்.

முதலில் ஒரு சிக்கல் வந்தது. ரிஞ்சுவுக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் வண்டியின் பானெட்டை அவள் வாழ்நாளில் திறந்து பார்த்ததில்லை. 'சிலந்தி' என்று வந்தால் 'ஸ்பைடர்' என்று சொல்லிவிடுவாள், அது என்ன சாமான் என்று சொல்லத் தெரியாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெஸ்னா அவளை, பூசைக்குக் கட்டிய புடவையோடு, சகாயத்தின் ஜீப்புக்கு அடியில் படுக்க வைத்தாள்.

"அக்கா, எங்கம்மா கொல்லப்போறாக."

"சேலையைத் துவைச்சுத் தாரேன். இங்க பாரு, பின்னால உருண்டையா இருக்குல்ல, அது டிப்ரன்சல். அதுக்குள்ள நாலு குட்டிப் பல்சக்கரம் ஒரு சிலுவையில கோத்திருக்கும். எட்டுக்கால் பூச்சி மாதிரி. அதான் உன் சிலந்தி."

ரிஞ்சு கையை நீட்டி அந்த உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்தபோது மூக்கில் கிரீஸ், முகத்தில் அத்தனை சந்தோஷம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஓட்டமாக ஓடினார்கள். நூற்றுநாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் மெஷின் தமிழ், வலது பக்கம் ஒர்க்ஷாப் தமிழ். மூச்சுத்திணறல் என்றால் சோக். சட்டைக்கை என்றால் ஸ்லீவ். திசைமாற்றியில் விளையாட்டு என்றால் ஸ்டியரிங்கில் பிளே. கால்விரல் உள்ளே என்றால் டோ-இன். பிரேக்கில் ரத்தம் எடுப்பது என்றால் பிளீடிங், பைப்பில் ஏறிய காற்றை எடுப்பது. இதற்கு மட்டும் ஜெஸ்னா அரைநாள் கோபமாக இருந்தாள். வழுக்கை டயர் என்று ஒன்று வந்தபோதுதான் சமாதானமானாள். "நாமளும் மொட்டை டயர்னுதானே சொல்லுதோம்? பாவம், இந்த ஒண்ணுலயாச்சும் தப்பித்தவறிக் கரையேறிட்டான்."

பாஷை வீட்டுக்குள்ளும் புகுந்தது. சகாயம் காலையில் ஜீப்பைக் கிளப்பும்போது, "ஏங்க, மூச்சுத்திணறலை இழுத்துட்டுக் கிளப்புங்க, குளிரா இருக்கு" என்பாள். அவன், "கதவுல கொட்டை கழண்டிருக்குட்டி, ஒரு முறுக்குக் கொடு" என்பான். கேட்டுக்கொண்டு நின்ற அக்கம்பக்கத்தார், தோற்றதில் ஜெஸ்னாவுக்கு மனம் பேதலித்துவிட்டது, புருஷனுக்கும் தொற்றிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். செபாஸ்டின்கூட ஒருநாள் ஒர்க்ஷாப் வாசலில் நின்று, "எதுக்கும் கூடையைத் தட்டித் துடைச்சு வச்சுக்கோ ஜெஸ்னா, நல்லதுக்குச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் அன்று அவள் ஒரே போல்ட்டை மூன்று தடவை கழற்றி மாட்டினாள். சரிவில் மறுபடி நிற்க அந்தக் கணுக்கால் இடம் கொடுக்காது என்பது அவளுக்கும் தெரியும், சகாயத்துக்கும் தெரியும்.

மார்ச் இருபது. சகாயம் டூரிஸ்டுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளைக் கேப் ரோடு வழியாக தேவிகுளத்துக்குக் கொண்டுபோய் விட்டான். ஹாலில் மேற்பார்வைக்கு இருந்த மலையாளத்து அம்மா அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு அவள் திரையில் தொட்ட மொழியைப் பார்த்தார்.

"தமிழோ? கழிஞ்ச தவண தமிழ் எடுத்த ஒம்பது பேரும் தோத்து போயி, கேட்டோ. மலையாளம் மதியோ?"

"தமிழ் மதி, டீச்சரே" என்று, தமிழே போதும் என்பதை அவர் பாஷையிலேயே சொன்னாள் ஜெஸ்னா.

முதல் கேள்வி வந்தது. 'பிரேக் காலணிகள் ஒரு பக்கம் மட்டும் தேய்வதற்குக் காரணம் என்ன?' ஜெஸ்னாவுக்குத் தோள் இறங்கியது. பழைய எதிரியைச் சந்தையில் பார்த்தால், அவன் கையில் இன்று கம்பு இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வா மகனே என்றாள் மனதுக்குள். காலணியை முடித்தாள், அரசனை முடித்தாள், கால்விரலை உள்ளே தள்ளினாள், இறந்த மின்கலத்தை எழுப்பினாள். முறுக்குக் கேள்வி மறுபடி வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு விடையைத் தொட்டாள். போன தடவை இரண்டு மணி நேரமும் போதாமல் வேர்த்தவள், இந்தத் தடவை ஒரு மணி நேரத்தில் எழுபதைத் தாண்டிவிட்டாள்.

எண்பத்திரண்டாவதில் வண்டி நின்றது.

'இயந்திரம் சும்மா இருக்கும்போது வேட்டையாடுகிறது. முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?'

நோட்டில் இல்லாத சொல். ரிஞ்சுவின் போன் இதைத் துப்பியதே இல்லை. வேட்டைக்கு இங்கிலீஷ் என்ன என்று தெரிந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒர்க்ஷாப்பில் எந்த எஞ்சினையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. விடைகள் நாலு: காற்று வடிகட்டி அடைப்பு, டீசல் குழாயில் காற்று, மின்கலக் கசிவு, குளிர்நீர்க் குறைவு. நாலுமே நிஜமான கோளாறுகள். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அடுத்ததிலும் வேட்டை வந்தது. அதற்கடுத்ததிலும் ஒரு புதுச் சொல். கடைசிப் பகுதி முழுக்க, இருபது கேள்வியும், வண்டி என்ன நோய் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது. இந்தப் பகுதியில் தனியாகப் பாதி மார்க் வாங்கினால்தான் மத்தியானச் செய்முறைக்கு விடுவார்கள். நோட்டு இங்கே முடிந்துவிட்டது.

கூடை கண்முன் வந்து நின்றது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருவர் பெருமூச்சு விட்டு எழுந்து போனார்.

ஜெஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லை விட்டுவிட்டு வண்டியைக் கேட்போம் என்று நினைத்தாள். வேட்டைக்குப் போகிற நாய் எப்படிப் போகும்? ஓடும், நிற்கும், மோந்து பார்க்கும், மறுபடி ஓடும். எஞ்சின் சும்மா ஓடும்போது அப்படி எது செய்யும்? செய்யும். போன மழைக்காலத்தில் கொளுந்து லாரி ஃபேக்டரி வாசலில் நின்று செய்தது. யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்காமலே ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். டீசல் பைப்பில் காற்று ஏறியிருந்தது. அவள்தான் மழையில் நின்று அதை எடுத்தாள். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருந்தது. ஜெஸ்னா கண்ணைத் திறந்து இரண்டாவது விடையைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சொற்களைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடினாள், வண்டி வந்து நின்றது, தன் கோளாறைச் சொன்னது. ஹாலில் இருந்த அம்மா, இவள் தூங்குகிறாள் என்று நினைத்து இரண்டு தடவை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார். நூறாவது முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது: 'செய்முறைக்குத் தகுதி.' ஜெஸ்னா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னாள். தமிழ் படிக்கத் தெரியாத அவர், திரை பச்சை நிறத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார்.

செய்முறைக்கு வந்த பதினோரு பேரில் தமிழ்க்காரர்கள் இரண்டே பேர். இன்னொருவர் காளிச்சாமி என்று, தேவிகுளம் பக்கத்துக் கராஜ்காரர், நாற்பது வயதிருக்கும். எப்படியோ தட்டுத்தடுமாறி இதுவரை வந்துவிட்டார். பரீட்சகர் டிஜோ என்ற இளம் எஞ்சினியர். ஆளுக்கு ஒரு ஜீப்பைக் காட்டி, அவரவர் மொழியில் அச்சடித்த சீட்டைக் கொடுத்தார். காளிச்சாமி தன் சீட்டைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

'நான்கு சக்கரங்களிலும் இரத்தம் எடுத்து, மிதியின் மென்மையை நீக்குக.'

"ஏம்மா, இங்க ஆஸ்பத்திரி ஏதும் பக்கத்துல இருக்கா?" என்று மெதுவாக ஜெஸ்னாவிடம் கேட்டார்.

"பேசக்கூடாது" என்றார் டிஜோ. "பெடல் மிதிக்க மட்டும் ஒருத்தரைக் கூப்பிட்டுக்கலாம்."

ஜெஸ்னா உடனே, "இந்த அண்ணனே மிதிக்கட்டும் சார்" என்றாள்.

அவள் குப்பியில் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றினாள். ட்யூபை எடுத்தாள், ஸ்பேனரை இடுப்பில் செருகினாள். மாஸ்டர் சிலிண்டரை நிரப்பிவிட்டு நேராகப் பின்னால் இடது சக்கரத்துக்குப் போய்ப் படுத்தாள். "மிதிங்கண்ணே. மிதிங்க. மிதிங்க. இப்பப் பிடிங்க!" நிப்பிளைத் திறந்ததும் குப்பிக்குள் ட்யூப் வழியாகக் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. காளிச்சாமி ஜன்னல் வழியே எட்டி அந்தக் குமிழைப் பார்த்தார். பார்த்தவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தில் போன ரத்தம் திரும்பி வந்தது. சீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சட்டப்படி எல்லாம் சுத்தம். நாலு சக்கரமும் முடிந்தபோது பொதபொதவென்று போய்க்கொண்டிருந்த பெடல் கல் மாதிரி நின்றது.

டிஜோ தானே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்.

"ஏன் பின்னால லெஃப்ட்ல ஆரம்பிச்சது?"

"மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்துல கிடக்கது அதுதான் சார். தூரத்துல ஒளிஞ்சிருக்க காத்தை முதல்ல விரட்டணும். பக்கத்துல உள்ளது எங்க போயிரும்?"

டிஜோ அதை எழுதிக்கொண்டார். மார்க் ஷீட்டில் எழுதவில்லை, தன் சொந்த டைரியில். காளிச்சாமியும் தன் ஜீப்பின் பின் இடது சக்கரத்தை நோக்கிச் சிங்கம் போல நடந்தார்.

முடிவு மெசேஜில் வரும் என்றார்கள். இருபத்தைந்து வரை வரவில்லை. முப்பதிலும் வரவில்லை. முப்பத்தொன்று காலையில் பழைய மெக்கானிக்குக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். ஜெஸ்னா அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் ஒரு டிராக்டருக்கு அடியில் கிடந்தாள். அங்கே கிடந்தால் யாரும் முகத்தைப் பார்க்க முடியாது. பதினொன்றரை மணிக்குச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. விரல் கிரீஸைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் திறந்தாள்.

'அன்புள்ள ஜெஸ்னா, நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். எழுத்து 84. செய்முறை 96.'

ஒரு நொடி நெஞ்சு ஜில்லென்றது. யாராக இருந்தாலும் இருக்கும். அடுத்த நொடி அந்த இருபத்துநாலு நாள் படிப்பு வேலை செய்தது. காலமானால் இங்கிலீஷில் என்ன? கோயில் வாட்சப் குரூப்பில் வாரம் ஒருமுறை வருமே, போட்டோவுக்குக் கீழே. பாஸ்ட் அவே. பாஸ்ட்.

பாஸ்!

டிராக்டருக்கு அடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, சரிவில் கொளுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் யானை வந்துவிட்டது என்று கூடையைப் போட்டார்கள். ஜெஸ்னா அக்ஷயா வரைக்கும் அந்தக் கணுக்காலோடு ஓடினாள். ரிஞ்சு வரிசையை அப்படியே நிற்க வைத்துவிட்டு எழுந்து கட்டிக்கொண்டாள், அவளுடைய வெள்ளைச் சட்டையில் இரண்டு கை கிரீஸும் பதிந்தது, அதைப் பற்றி ரிஞ்சு அன்று முழுக்கக் கவலைப்படவில்லை. ரிஞ்சு கம்ப்யூட்டரில் இறக்கிய சர்டிபிகேட் இங்கிலீஷில் இருந்தது. அதில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ரிஞ்சு அதை இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

ஆபீஸில் செபாஸ்டின், அவளைக் கூடையோடு ஃபீல்டுக்கு அனுப்ப, மதியத்துக்கு முன்பே ஃபீல்டு மஸ்டரை எடுத்து வைத்திருந்தார். ஜெஸ்னா சர்டிபிகேட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, முதலில் போனை நீட்டினாள். கொஞ்சம் விளையாடிப் பார்க்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

"என்ன ஜெஸ்னா இது? நீ செத்துட்டேன்னுல்லா போட்டிருக்கு!"

"ஆமா சார். ஃபீல்டு மஸ்டர்ல இருந்த ஜெஸ்னா செத்துப்போனா. பேரை வெட்டிருங்க."

சர்டிபிகேட்டை மேஜையில் வைத்தாள். செபாஸ்டின் அதை முன்னும் பின்னும் பார்த்தார், முத்திரையைத் தடவினார், இரண்டு தடவை மார்க்கைப் படித்தார். பேப்பரில் இருந்தது. பேப்பரில் இருந்தால் அவருக்குப் போதும். சிவப்புப் பேனாவை எடுத்து, ஒன்பது வருடமாகக் கிடந்த அந்தப் பெயரின் மேல், ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். பிறகு ஒர்க்ஷாப் மஸ்டரைத் திறந்து முதல் வரியில் எழுதினார்.

"வாசிங்க சார்" என்றாள் அவள்.

"காலையில வாசிச்சாப் போதாதா?"

"இப்ப ஒருக்கா வாசிங்க."

செபாஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டார். தினமும் காலையில் வாசிக்கிற அதே குரலில், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, வாசித்தார்.

"மெக்கானிக், ஜெஸ்னா."

"இருக்கேன் சார்" என்றாள் ஜெஸ்னா.